அம்மாவைத் தேடாத யானைக்குட்டி

தேநீருக்குச் சீனி அந்தப் போத்தலில் இருக்கிறது, ஐயா, நான் போடுவதில்லை. நோபர்ட் மூன்று கரண்டி போடுவான். அவனைப் பற்றிக் கேட்கத்தானே வந்தீர்கள்.

அரசாங்கத்தில் வரைபடக்காரனாக இருந்து ஓய்வுபெற்றவன் நான். நோபர்ட் மாத்தளை டவுனில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதியவன். போன வருடம் ஒரு தொலைக்காட்சிக்காகச் சிறுவர் கார்ட்டூன் செய்தோம். கதை என்னுடையது, படம் அவனுடையது. லக்கலக் காட்டில் கூட்டத்தைப் பிரிந்த யானைக்குட்டி, அம்மாவைத் தேடாமலே வாழப் பழகுகிறது. எவனாவது இப்படி யோசித்திருப்பானா?

என்னை ஒரு வார்த்தை கேட்காமல் குட்டியின் முதுகில் பேசும் கிளியை ஏற்றினான். நடுவில் ஒரு பாட்டு. கடைசியில் கொட்டும் மழையில் அம்மா ஓடிவந்து தும்பிக்கையால் அணைக்கிறது. எத்தனை படத்தில் பார்த்த கண்றாவி.

"பிள்ளைங்க அழணும், அப்புறம் சிரிக்கணும். வேற என்னங்க அண்ணே வேணும்?" என்றான்.

உக்குவளையில் ஒரு பள்ளிக்கூடத்தில் போட்டுக் காட்டினோம். பிள்ளைகள் கைதட்டினார்கள், தொலையட்டும். டீச்சர்மாரும் மூக்கைச் சிந்தினார்கள். தொலைக்காட்சிக்காரர்கள் அவனை மட்டும் கொழும்புக்கு அழைத்தார்கள். என் பெயரைக் கடைசியில் பொடி எழுத்தில் போட்டிருந்தான்.

பின்னணி அசலாக இருக்க வேண்டுமென்று பல்லேகமப் பாதையில் பாலத்தையும் சோதனைச் சாவடியையும் கெமராவில் எடுத்துவரச் சொன்னவன் நான்தான். அந்தப் படங்கள் அவன் கணினியில் இருந்தன. பாலமும் சாவடியும் ஒரு தமிழனுடைய கணினியில் இருக்கின்றன என்று இராணுவ முகாமுக்குத் தொலைபேசியில் சொன்னேன். ஒரு சொல் கூட்டவில்லை. யார் எடுக்கச் சொன்னது என்று அவர்கள் கேட்கவில்லை. மறுநாள் மத்தியானம் வேன் வந்து அவனை ஏற்றிக்கொண்டு போனது.

அவன் மனைவி மரிய கொறற்றி என்னிடம்தான் ஓடிவந்தாள். "அண்ணே, எனக்குச் சிங்களம் சரியா வராதுங்க. ஒருக்கா பொலிஸுக்குக் கூட வாங்க." போனேன். ஒன்பது தடவை போனேன். அவளுக்காகப் பேசியதெல்லாம் நான். பத்தாவது தடவை, "தேடாமல் இருக்கப் பழகு, பிள்ளை," என்றேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். கற்பனை இல்லாத பெண்.

பொறாமையா என்று கேட்கிறீர்கள். கூட்டாளி முன்னுக்கு வருவதைப் பொறுக்காமல் காட்டிக்கொடுக்கிறவன் எல்லாக் கார்ட்டூனிலும் வருகிறான். அந்தப் புளித்துப்போன காரணத்துக்காக நான் ரிசீவரைத் தூக்குவேனா? வேறு காரணம் இருந்தது, ஐயா.

கொஞ்சம் பொறுங்கள். சொல்கிறேன்.