பானுமதி பார்த்த படம்

அவைக்கு அழகு சேர்க்கும் தலைவர் முத்துராமன் அவர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்தோரே, பிள்ளைகளை மடியில் இருத்தியிருக்கும் தாய்மாரே, டூட்டி முடித்து முகம் கழுவிய கையோடு முவைலா தொழிலாளர் கேம்ப்பிலிருந்து ஓடிவந்த தோழர்களே, நாடகக் குழுவின் சார்பில் மணிமாறனின் வணக்கம்.

சற்று நேரத்தில் திரை விலகும். ரகசியக் காதலர்கள் மரத்தடிக்கு வருவார்கள். ஆள் மாறும், அணைப்பு மாறும், அடி விழும். சென்ற ஆண்டும் இதே நாடகத்துக்கு வயிறு வலிக்கச் சிரித்தீர்கள். அந்த நாடகம் ஒரு வீட்டை என்ன செய்தது தெரியுமா? சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்டுக்கொண்டுதான் சொல்கிறேன்.

அன்று காதலனாக நடித்தவர் ஜெயமணி, கம்பி கட்டுபவர். காதலியாக நடித்தவர் வீரபாண்டி, ஜெயமணியின் ரூமிலேயே மேல் கட்டிலில் படுப்பவர். மீசை மழித்து, சேலை கட்டி, பூச்சூடி நின்றார். ஜெயமணி அவரை அணைத்துச் சிரித்ததை யாரோ படமெடுத்தார்கள். அந்தப் படம் இந்த வளைகுடாவிலிருந்து கடல் கடந்து, கமுதியில் ஜெயமணியின் மனைவி பானுமதியின் கைக்குப் போய்விட்டது.

"யாரு அவ?" என்று போனில் கேட்டாள் பானுமதி.

"நம்ம வீரபாண்டி, புள்ள. நாடகம்."

"பொய்யையாவது ஒழுங்காச் சொல்லுங்க."

அன்றோடு பேச்சு நின்றது. எத்தனை அழைப்பு, எத்தனை கெஞ்சல், எத்தனை சத்தியம்? நான்கு மாதம் பதிலே இல்லை.

பின்னால் யாரோ சிரிக்கிறீர்கள். சிரியுங்கள் அய்யா, நானும் அன்று சிரித்தவன்தான்.

வீரபாண்டிக்கு லீவு கிடைத்தது. தன் வீட்டுக்கும் போகாமல் நேரே கமுதிக்குப் போனார். அதே சேலையைச் சட்டைமேல் சுற்றிக்கொண்டு பானுமதியின் எதிரே நின்றார்.

"பாரு தங்கச்சி. நாந்தான் அவ."

அவரைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்து அழுதாள்.

"நம்புறேண்ணே. ஆனா இதுல அவுக சிரிக்கிறாகளே, கல்யாணமாகி ஒம்பது வருசத்துல எங்கிட்ட ஒருநாளும் இப்படிச் சிரிச்சதில்ல."

ஒன்பது ஆண்டில் நான்கே லீவு. வந்த மறுநாளே கிளம்பும் நாளை எண்ணத் தொடங்கும் லீவு. அதில் எவன் சிரிப்பான்? நம் களைப்பை வீட்டுக்குக் காட்டுகிறோம், கவலையை வீட்டுக்குச் சொல்கிறோம், கோபத்தை வீட்டின்மேல் கொட்டுகிறோம். சிரிப்பை மட்டும் ரூமிலேயே வைத்துக்கொள்கிறோமே, இது நியாயமா?

இப்போதெல்லாம் பானுமதி ஜெயமணியிடம் பேசுகிறாள். ஜெயமணி வீடியோவில் அழைத்துச் சிரித்துக்காட்ட முயல்கிறார், சிரிப்பு வரவில்லை. "வேணாம், விடுங்க" என்கிறாள். இன்று நடிக்க ஜெயமணியைக் கூப்பிட்டேன். "என்னால ஆகாது மாப்ள" என்று ரூமிலேயே இருந்துவிட்டார்.

அன்பர்களே, இன்றும் வாய்விட்டுச் சிரியுங்கள். அந்தச் சிரிப்பு முகத்தில் ஆறுவதற்குள் வீட்டை அழையுங்கள். பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நன்றி. ஊரில் உங்கள் அழைப்புக்குக் காத்திருப்போருக்கு என் வணக்கம்.