தலைமாட்டுக் குறடும் என் நீண்ட ஜெபமும்

மருந்து மணம் மாறாத இந்த உணவுக்கூடத்தை ஒரு மாலைக்கு மண்டபமாக்கி, மாலை முழுவதும் நான் பேசிவிடுவேனோ என்ற மரண பயத்தோடு தலைமை ஏற்றிருக்கும் தலைமைச் செவிலியர் அவர்களே! இந்த மருத்துவமனையின் வாசற்கதவைத் தம் ஒற்றைச் சொல்லில் வைத்திருக்கும் தலைமை மருத்துவர் ஐயா அவர்களே! உடைந்த தாடையையும், தாடையில் கட்டிய கம்பியையும், அந்தக் கம்பியைவிடக் கொடிய என் ஜெபத்தையும் தாங்கி, உயிர் பிழைத்து இம்மேடையில் வீற்றிருக்கும் ஓட்டுநர் தம்பி அவர்களே! சான்றோர்களே, சகல சமயத்துச் சகோதரர்களே, பெற்றெடுத்த தாய்மார்களே, வேலை முடிந்தும் வீட்டுக்குப் போக முடியாமல் மாட்டிக்கொண்ட செவிலியச் செல்வங்களே! மூன்றாம் வரிசையில் அமர்ந்து, இப்போதே கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டும் என் இல்லத்தரசியே! அனைவருக்கும் அடியேனின் அன்பு வணக்கம்!

என்னை அறிமுகம் செய்தவர் "சமய நல்லிணக்கச் செம்மல்" என்றார். ஐயா, நான் தையற்காரன். மைக்கைப் பிடித்தால் விடமாட்டான் என்பதால் ஊரார் எனக்கு வைத்த பெயர் மைக்கண்ணன். பின்வரிசையில் சிரிக்கிறீர்களே, அந்தப் பெயரை முதலில் வைத்தவர் நீங்கள்தான் என்பது எனக்குத் தெரியும்.

இன்று எனக்குத் தந்த தலைப்பு, "கிறிஸ்தவ அறமும் மனித உரிமையும் பல சமயச் சமூகமும்." மூன்று மலைகள்! ஏறுகிறவனோ, மாடிப்படிக்கே மூச்சு வாங்குகிறவன். நேற்று வீட்டில் ஒத்திகை பார்த்தேன். "உரிமை என்பது உயிரினும் மேலானது!" என்று முழங்கினேன். உள்ளிருந்து என் மனைவி கேட்டார்: "சரிங்க, அந்த டிவி ரிமோட்டை எப்பத்தான் என் கையில குடுப்பீங்க?" அத்தோடு ஒத்திகை முடிந்தது.

ஆகவே அன்பர்களே, எனக்குத் தெரியாத மூன்று மலைகளை விட்டுவிட்டு, எனக்குத் தெரிந்த ஒரு கட்டிலைப் பற்றிப் பேசுகிறேன்.

எங்கள் சபையில் நோயாளிகளைச் சந்திக்கும் ஜெபக்குழு ஒன்று உண்டு. தலைவன் யார்? நான். ஜெபிப்பது யார்? நான். ஆமென் சொல்லி முடிக்க வேண்டியது யார்? நான். முடிக்காமல் இழுப்பது யார்? அதுவும் நானே! கட்டிலைச் சுற்றி வட்டமாக நிற்போம், கைகோர்ப்போம், கண்ணை மூடுவோம். அதுதான் எங்கள் முறை. கண்ணைத் திறந்தால் கவனம் கலையும் என்பது நான் போட்ட சட்டம்.

போன மாதம் ஒரு மதிய வேளை. ஆண்கள் வார்டில், இதோ அமர்ந்திருக்கிறாரே, இந்தத் தம்பி படுத்திருந்தார். பணிமனையில் ஜாக்கி வழுக்கி, இரும்புக் கம்பி இவருடைய தாடையைப் பதம் பார்த்துவிட்டது. மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். இவர் எங்கள் சமயத்தவர் அல்லர். அதனால் என்ன? "ஜெபிக்கலாமா தம்பி?" என்று கேட்டேன். பதில் இல்லை. மௌனம் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். வாயைக் கம்பியால் கட்டியவரிடம் வாய்ச்சொல் எதிர்பார்த்த அறிவாளியை எங்காவது கண்டதுண்டா? கண்டுகொள்ளுங்கள், நிற்கிறேன்!

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். இவர் எழுதிக் காட்டத் தலையணை ஓரத்தில் ஒரு சிலேட்டு இருந்தது. அதன்மேல்தான் நான் என் பாட்டுப் புத்தகத்தை வைத்தேன்.

தொடங்கினேன். உலகைப் படைத்த நாளிலிருந்து தொடங்கினேன். கொஞ்ச நேரத்தில் ஓரக்கண்ணால் பார்த்தேன். சட்டம் போட்டவனே மீறினேன், மன்னியுங்கள். தம்பி கையை மேலே தூக்கியிருந்தார். ஆகா! விண்ணை நோக்கிக் கை உயர்கிறது! உள்ளம் உருகுகிறது! நான் உரத்தேன். தம்பி கட்டிலின் இரும்பைத் தட்டினார். ஆகா! தாளம் போடுகிறார்! எங்கள் குழு கைதட்டத் தொடங்கியது.

என்ன நடந்தது தெரியுமா? இவருக்குக் குமட்டியிருக்கிறது. தாடை கட்டியவருக்கு வாந்தி வந்தால் வெளியேற வழியில்லை, மூச்சு அடைத்துவிடும். அதற்காகவே கம்பியை வெட்டும் குறடு ஒன்றை அவர் தலைமாட்டில் தொங்கவிட்டிருந்தார்கள். அவர் கை காட்டியது விண்ணை அல்ல, அந்தக் குறட்டை! நாங்களோ கண்ணை மூடி, வேலி போட்டு நிற்கிறோம். வார்டின் கோடியிலிருந்து ஓடிவந்த நம் கூட்டத் தலைவர், தலைமைச் செவிலியர் அவர்கள், கோர்த்த எங்கள் கைகளுக்கு அடியில் குனிந்து நுழைந்து, குறட்டை எடுத்து, கம்பியை வெட்டி, தம்பியைப் பக்கவாட்டில் புரட்டி உயிரைக் காத்தார். அப்போதும் நான் வாக்கியத்தை முடித்துக்கொண்டிருந்தேன்.

கைதட்டுங்கள், தலைவர் அவர்களுக்குத் தட்டுங்கள். என் பக்கம் பார்த்துத் தட்ட வேண்டாம்.

இத்தோடு முடிந்திருந்தால் இது என் அவமானம் மட்டும்தான். முடியவில்லை. மறுநாள் வாசலில் பலகை ஏறியது. சமயப் பணிக்கு வரும் எவருக்கும் அனுமதி இல்லை. ஐயா அவர்களை நான் குறை சொல்லவில்லை. என்னைப் போல் ஒருவன் போதும், எந்த வாசலும் சாத்தப்படும்.

அந்த வாசலில் சென்ற வாரம் தச்சர் பாய் நின்றார். பக்கத்தில் அவருடைய இமாம். பெண்கள் வார்டில் பாயின் மனைவி. இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். கண்மூடுமுன் தன் அருகில் இமாம் அமர்ந்து ஓத வேண்டும் என்பது ஒன்றே அந்த அம்மாவின் ஆசை.

"ஏன் பாய் வெளியவே நிக்கிறீங்க?" என்றேன்.

"உள்ள விடமாட்டேங்கிறாங்க. யாரோ ஒரு ஜெபக்காரர் ஒரு ஆளைக் கொல்லப் பாத்தாராம். உங்களுக்கு அவரைத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்படிப்பட்ட ஆளு?"

"கொஞ்சம் அதிகமாப் பேசுவார்" என்றேன். அதற்குமேல் பொய் வரவில்லை. "நான்தான் பாய் அது."

பாய் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். "எங்க வீட்டுக்காரி தினமும் கேக்குறாண்ணே. இமாம் வர முடியாதுன்னு அவகிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல" என்றார்.

கேளுங்கள் அன்பர்களே! கேட்காதவருக்கு ஜெபம் கிடைத்தது, கேட்கிறவருக்குக் கிடைக்கவில்லை! இதற்கா எனக்கு நல்லிணக்கச் செம்மல் பட்டம்?

மறுநாள் மன்னிப்புக் கேட்கத் தம்பியிடம் போனேன். தனியாக, பாட்டுப் புத்தகம் இல்லாமல் போனேன். பாயின் கதையைச் சொன்னேன். மறுபடி தாடையைக் கம்பியால் கட்டியிருந்த தம்பி, சிலேட்டை எடுத்து எழுதினார்: "எனக்கு வேணாம்னா அது எனக்குத்தான். அந்தம்மாவுக்கு வேணும்னா விடணும்ல?" நான் ஒரு மாலை முழுவதும் முழங்கினாலும் மனித உரிமையை இதைவிடத் தெளிவாகச் சொல்லிவிடுவேனா? மாட்டேன்!

எங்கள் ஆண்டவர் முன் பார்வையற்ற ஒருவர் வந்து நின்றாராம். அவருக்கு என்ன வேண்டும் என்பது கூட்டத்தில் இருந்த குழந்தைக்கும் தெரியும். ஆனாலும் ஆண்டவர், "உனக்கு நான் என்ன செய்யட்டும்?" என்று முதலில் கேட்டாராம். எல்லாம் அறிந்தவரே கேட்டார்! எதுவும் அறியாத நான் கேட்கவில்லை! என் கடையில் அளவெடுக்காமல் துணியில் கத்தரி வைப்பேனா? கைக்கு அளவு, கழுத்துக்கு அளவு, காலருக்கு அளவு. ஜெபத்துக்கு மட்டும் ஊருக்கெல்லாம் ஒரே அளவு, அதுவும் எக்ஸ்எல்!

கட்டிலில் கிடப்பவர் கடவுளை அழைக்கட்டும். அது அவர் உரிமை! அழைக்காமல் இருக்கட்டும், அதுவும் அவர் உரிமை! தன் வேதத்தைக் கேட்கட்டும், தன் மந்திரத்தைக் கேட்கட்டும், தன்னைத் தனியே விடச் சொல்லிக் கேட்கட்டும்! அவர் கேட்பதற்குக் காது கொடுப்பதே என் கிறிஸ்து எனக்குக் கற்றுத்தந்த அன்பு! அதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு தாடை தேவைப்பட்டது. அதுவும் இன்னொருவர் தாடை!

தலைமை மருத்துவர் ஐயா! என் குழுவுக்கு வாசலைத் திறக்க வேண்டாம். நோயாளி யாரைக் கேட்கிறாரோ அவருக்குத் திறந்துவிடுங்கள். பாய் இதோ கடைசி வரிசையில்தான் இருக்கிறார். அந்த அம்மாவுக்கு அதிக நாள் இல்லை.

ஐயா தலையசைக்கிறார்... இல்லை, நானாக அர்த்தம் செய்துகொள்ள மாட்டேன். பட்டது போதும். ஐயா, அது சம்மதமா, தூக்கமா? வாய்விட்டுச் சொல்லுங்கள்.

"இமாமை இன்னிக்கே கூட்டிட்டு வரச் சொல்லுங்க" என்கிறார்! கேட்டீர்களா பாய்? என்ன, அதற்குள் எழுந்து கிளம்பிவிட்டாரா? போகட்டும், போகட்டும்! வழிவிடுங்கள் அவருக்கு!

நெஞ்சு நிறைந்திருக்கிறது. இந்த நேரத்தில் ஒரு ஜெபத்தோடு முடிக்க வேண்டும் என்று என் நாக்கு துடிக்கிறது. ஆனால் முதலில் கேட்கிறேன். ஓட்டுநர் தம்பி, கம்பியை எடுத்து நாலு நாள்தான் ஆகிறது, மெல்லப் பேசினால் போதும். நான் இங்கே ஜெபிக்கலாமா?

"வேணாம்ணே."

கேட்டது! அன்பர்களே, எனக்கு நன்றாகக் கேட்டது! அன்று இந்தச் சொல்லைத்தான் இவர் கையால் சொன்னார், கட்டிலைத் தட்டிச் சொன்னார். இன்றுதான் என் காதில் விழுந்திருக்கிறது. வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஜெபித்துக்கொள்கிறேன் தம்பி.

பொறுத்திருந்து கேட்ட பெரியோர்க்கும் தாய்மார்க்கும் நன்றி. எழுந்து போன பாய்க்கும் நன்றி. எல்லோர்க்கும் வணக்கம் கூறி விடைபெறுகிறேன். தலைவர் அவர்களே, இந்தாருங்கள் மைக். இந்த ஊரில் யாரும் பிடுங்காமல் நானாகவே கொடுப்பது இதுதான் முதல் தடவை.