சிமிழுக்குள்ள ஒன்னே ஒன்னு

இல்லீங்க சாமி, அப்படியே கெளம்பிடாதீங்க. காப்பி வச்சுட்டேன். இன்னும் ரெண்டு வூட்டுக்குப் போவணும்னு தெரியும், ஒரு வாய் குடிச்சுட்டுப் போனா என்னா? முந்தி இருந்த சாமியாரு இந்த ஸ்டூல்லதான் உக்காந்து குடிப்பாரு. உக்காருங்க.

அக்கா கண்ண மூடிக்கினாளா? நன்மை அப்பத்த நாக்குல வாங்கிட்டா அரை மணி நேரம் அப்படித்தான், கூப்டாலும் திரும்ப மாட்டா. ஏஞ்சாமி, உள்ள ரொம்ப நேரம் பேசிக்கினு இருந்தீங்களே, என்னா சொன்னா? ஐயையோ, கேக்கல, கேக்கல. பாவசங்கீர்த்தனத்துல சொன்னதக் கேக்கக்கூடாதுன்னு எனக்குத் தெரியாதா? சும்மா வாயில வந்துருச்சு. என்னப் பத்தி ஏதாச்சும்... சரி வுடுங்க.

அக்கான்னா கூடப் பொறந்தவ இல்லீங்க. ஓரகத்தி. இவ, வேளாங்கண்ணி, மூத்தவருக்கு வாக்கப்பட்டா, நான் எளையவருக்கு. ஆம்பளைங்க ரெண்டு பேரும் விடிஞ்சா மொரப்பூர் ஸ்டேஷனுக்கு மூட்டை தூக்கப் போயிடுவாங்க. ஆறு வருசத்துக்கு முன்ன கம்பு மூட்டை வண்டி கவுந்து இவ இடுப்பு ஒடிஞ்சுது. அன்னையிலேருந்து கட்டிலுதான். கழுவறது, தொடைக்கறது, பொரட்டிப் போடறது எல்லாம் இந்த லூர்தம்மாதான்.

பாவந்தான். நான் இல்லேன்னு சொன்னேனா? ஆனா நீங்களே சொல்லுங்க, அவளத் தூக்கித் தூக்கி எனக்கும் இடுப்பு போச்சு. அதே இடுப்பு, அதே வலி. அவளுக்கு வந்தா சிலுவை, எனக்கு வந்தா தைலம். தவக்காலத்துல பழைய சாமியாரு பிரசங்கத்துலயே சொன்னாராம், வேளாங்கண்ணி ஆண்டவரோட பாடுல பங்கு வாங்கினவன்னு. சொன்னாராம்னுதான் சொல்லணும், நான் கோயிலுக்கு எங்க வந்தேன்? நான் வந்துட்டா இவள யாரு பாக்கறது?

வத்தல்மலையிலேருந்து முனியாயின்னு ஒரு அம்மா அவளத் தேடி வந்துச்சு. நம்ம வேதங்கூட இல்ல. மவ பிரசவத்துக்கு வேண்டிக்கச் சொல்லி சாமை எடுத்தாந்துச்சு. இன்னைக்கி என் வலியெல்லாம் ஒம் மவளுக்குன்னு அக்கா ஆண்டவருகிட்ட ஒப்புக்குடுத்தா. கொழந்த நல்லபடியாப் பொறந்துருச்சு. அந்தம்மா திரும்பி வந்து அவ கால்ல வுழுந்து அழுவுது. அந்தச் சாமையப் பொடைச்சு, ஆக்கி, ஊட்டி வுட்டவ நானு. என்னப் பாத்து, தண்ணி குடும்மான்னுச்சு. அவ்ளோதான்.

இந்த வருசம் போப்பாண்டவரு மெட்ராசுக்கு வந்தப்ப ஊரே ரயிலேறிப் போச்சுங்களே? திரும்பி வந்தவங்க அவளுக்கு மந்திரிச்ச செபமாலை கொண்டாந்தாங்க. எனக்குக் கூட்டத்துல செருப்பு தொலைஞ்ச கதை.

பொறாமைதாங்க. வேற என்னான்னு சொல்றது? வயிறு எரியுது சாமி. மாசாமாசம் மொத வெள்ளிக்கெழம வெள்ளத் துணி விரிச்சு, மெழுகுவத்தி ஏத்தி, சொம்புல தண்ணி வக்கறவ நானு. சாமியாரு சிமிழத் தொறப்பாரு. உள்ள நன்மை அப்பம் ஒன்னே ஒன்னு இருக்கும். ஆறு வருசத்துல யாருமே, ஒனக்கும் நன்மை வேணுமா லூர்துன்னு கேக்கல. நீங்களும் கேக்கல, கோவிச்சுக்காதீங்க.

நானா கேட்டிருக்கலாந்தான். வாய் வரல.

போன மாசம் எட்டாந்தேதி, மாதா பொறந்த நாளுக்குக் கோயிலுக்கு வந்தேன். ஆமாங்க, நன்மை வரிசையில உங்க முன்னால வரைக்கும் வந்துட்டுத் திரும்பி ஓடுனவ நாந்தான். நெனப்பு இருக்குதா உங்களுக்கு?

அவ கட்டில்ல மாட்டு மணி ஒன்னு கட்டியிருக்குது பாத்தீங்களா? கொரலு எட்டாதுன்னு, ஏதாச்சும் வேணும்னா கயித்த ஆட்டுவா. அன்னைக்கி அவ தூங்கறப்ப அதுக்குள்ள தொங்கற இரும்ப நான் கழட்டிட்டேன். சத்தம் கேட்டா பக்கத்துக் காட்டு மாதையன் ஓடியாருவான், நான் வூட்ல இல்லாதது தெரிஞ்சு போயிரும்னுதான். இரும்ப முந்தானையில முடிஞ்சுக்கினு நாலு மைலு நடந்து வந்தேன். ஆறு வருசம் கழிச்சு நன்மை வாங்க வாயத் தொறக்கப் போறேன், அந்த முடிச்சு வயித்துல இடிக்குது. எப்படிங்க வாங்கறது?

ஓடியாந்து பாத்தா ஈரத்துல கெடக்கறா. கை மணிக்கயித்தப் புடிச்சபடியே இருக்குது. திட்டியிருந்தா நல்லாருந்திருக்கும். சிரிக்கறா சாமி. கோயிலுக்கா போன லூர்து, இன்னைக்கி வலிய ஒனக்குத்தான் ஒப்புக்குடுத்தேங்கறா. நான் பண்ண பாவத்தக்கூட அவ புண்ணியமாக்கிக்கினா! அதையாச்சும் எனக்குன்னு வுட்டாளா?

அவ வூட்டுக்காரருகிட்டகூட மூச்சு வுடல. உங்ககிட்டயும் சொல்லியிருக்க மாட்டா, எனக்குத் தெரியும். இருவத்தஞ்சு நாளாச்சு. அவளும் கேக்கல, நானும் இரும்பத் திரும்ப மாட்டல. கயித்தத் தொடறதே இல்ல அவ. நாந்தான் காட்டுப் பக்கம் போவாம அவளயே சுத்திக்கினு கெடக்கறேன்.

இந்தாங்க, முந்தானையிலதான் இன்னும் இருக்குது. இப்பவே மாட்டிப்புடறேன். இனிமே என் இடுப்பு வலியெல்லாம் அவளுக்குத்தான் ஒப்புக்குடுக்கப் போறேன். அவகிட்ட சொல்லிப்புடாதீங்க. ஒரு தடவயாச்சும் அவ தெரியாமயே என்கிட்ட வாங்கிக்கட்டும்.

காப்பி ஆறுது பாருங்க. குடிச்சுட்டு, பாவசங்கீர்த்தனம் கேக்கறப்ப போடற அந்த ஊதாப் பட்டைய எனக்காக இன்னொருக்கா கழுத்துல போட்டுக்கங்க சாமி. அடுத்த மொத வெள்ளிக்கி, சிமிழுல ரெண்டா வச்சு எடுத்துக்கினு வாங்க.