எங்கல் வீடு

— சொல்லுங்கப்பா, நான் மாட்டின அந்த வைஃபை பிளக்ல லைட் எரியுதா?

— எரியுது. இல்ல... சிமிட்டுது.

— வேகமாவா, மெதுவாவா?

— மெதுவா. மத்தியானம் சாப்பிட்டுட்டு ஆபீஸ்ல உக்காந்திருக்கிறவன் கண்ணு மாதிரி.

— விளையாடாதீங்க. மெதுவான்னா வைஃபையைத் தேடிட்டு இருக்குன்னு அர்த்தம்.

— வைஃபை பெட்டி இதோ ஹால்லதானே இருக்கு? பத்தடி கூட இல்ல. இதுக்குக் கண்ணு தெரியலையா?

— கெட்டில் பிளக் மட்டுமா, ஃப்ரிட்ஜ் பிளக்குமா?

— இரு, குனிஞ்சு பாக்கணும்... அம்மாடி, முட்டி... ஆமா, இதுவும் சிமிட்டுது. ரெண்டும் பேசி வச்சுக்கிட்ட மாதிரி.

— மீட்டர் பக்கத்துல நான் மாட்டினேனே, அந்த மானிட்டர்?

— அது பச்சையா ஜம்முனு இருக்கு.

— அது வைஃபை இல்லாம ஒயர்ல போகுது. அதான் வீட்டோட மொத்தக் கரண்டு மட்டும் என் போன்ல வருது. பிளக் ரெண்டும் நாலு நாளா 'இணைப்பு இல்லை'ன்னே காட்டுது.

— மொத்தம் வருதுல்ல? அப்புறம் என்ன, விடு.

— மொத்தத்துல ஃப்ரிட்ஜும் ஓடும், தண்ணி மோட்டாரும் ஓடும். அதுல யார் எழுந்தாங்கன்னு எப்படி... எது ஓடுதுன்னு எப்படித் தெரியும்?

— என்ன சொன்னே?

— எது ஓடுதுன்னு.

— அதுக்கு முன்னாடி.

— ஒண்ணுமில்லப்பா. கரண்டு வீணாகக் கூடாதுன்னுதானே இதெல்லாம் மாட்டினது.

— ம்... நாலு நாளா விடிஞ்சும் விடியாம போன் பண்றே. கேட்டா 'சும்மாதான்பா'. போன மாசம் ஒரு நாள் அசந்து ஏழு மணி வரைக்கும் தூங்கிட்டேன். அன்னிக்கும் போன் வந்துச்சு. அன்னிக்கும் 'சும்மாதான்பா'.

— பெத்த அப்பாவுக்குச் சும்மா போன் பண்ணக் கூடாதா?

— பண்ணு, பண்ணு. யார் வேணாம்னா?

— டீ குடிச்சாச்சா?

— ...ஆச்சு, ஆச்சு. நீ பிளக்கைக் கவனி.

— சரி, யோசிச்சுச் சொல்லுங்க. நாலு நாளைக்கு முன்னாடி வீட்ல என்ன மாறுச்சு?

— ஒண்ணும் மாறல. காலண்டர்ல தேதி மாறுச்சு.

— அப்பா!

— பழைய வைஃபை பெட்டி புகைஞ்சுபோச்சு. கம்பெனி ஆள் வந்து வேற ஒண்ணு மாட்டிட்டுப் போனார். அதையெல்லாமா சொல்லணும்?

— அதைத்தான்பா சொல்லணும்!

— குதிக்காதே. பழைய பேரையே வைக்கணும்னு கறாராச் சொல்லிட்டேன். பாஸ்வேர்டும் அதேதான், உன் பிறந்த தேதி. பிளக்குக்குப் பெட்டி மாறினதே தெரியக் கூடாதுல்ல?

— அட, விவரமாத்தான் இருக்கீங்க! அப்புறம் ஏன் சேரல... பேரு என்ன வச்சீங்க?

— எங்கள் வீடு.

— அதேதான்...

— அதேதான்.

— ...அப்பா.

— சொல்லு.

— எந்த ள் போட்டீங்க?

— எங்கள்னா எந்த ள் போடுவாங்க? குண்டு ள்தான். அந்த ஆள் தடுமாறினார், நானே வாங்கி அடிச்சேன்.

— அம்மா வச்சது என்னன்னு ஞாபகம் இருக்கா?

— இல்லாமலா? எங்க... இரு, இரு.

— அப்பா?

— எங்கல் வீடு.

— சாதா ல்.

— சாதா ல்... அடக் கடவுளே.

— நான் பிளக் மாட்டினப்ப அந்தப் பேர்லதான் சேர்த்தேன். ஒரு எழுத்து மாறினாலும் அதுக்கு வேற வீடு.

— முப்பத்தஞ்சு வருஷம் அச்சகத்துல புரூஃப் பார்த்த கை பாப்பா. தப்பைக் கண்டா என்னைக் கேக்காமலே திருத்திடுது. அவ எழுதின மளிகைச் சீட்டையே சிவப்பு மையில திருத்திக் கடைக்குக் கொண்டுபோனவன் நான்.

— கடைக்காரர் 'எத்தனை மார்க் சார் போட்டீங்க?'ன்னு கேப்பாராமே.

— அதைச் சொன்னாளா உங்கிட்ட?

— விழுந்து விழுந்து சிரிச்சுக்கிட்டே சொல்லுவாங்க.

— என்கிட்ட சிரிக்கல. இந்தப் பேரை வச்ச அன்னைக்கு 'பிழை'ன்னேன். 'வைஃபை வருதா இல்லையா?'ன்னா. வருதுன்னேன். 'அப்ப பிழை எங்க இருக்கு?'ன்னு கேட்டுட்டு ரெண்டு நாள் பேசல.

— மூணு நாள். எனக்கு போன் பண்ணிப் புலம்பினீங்க.

— அவ போய் ரெண்டு வருஷம் ஆச்சு. அவ எழுத்துன்னு இந்த வீட்ல மிச்சம் இருந்தது அது ஒண்ணுதான். அதையும் நானே திருத்தி அழிச்சிருக்கேன் பாரு...

— அழியலப்பா. அந்த ரெண்டு பிளக்கும் நாலு நாளா அம்மா எழுத்தைத்தானே தேடிட்டு இருக்கு. மூக்கை உறிஞ்சாதீங்க. அந்தக் கம்பெனி ஆள் உங்க போன்ல ஒரு ஆப் போட்டுக் குடுத்திருப்பார், திறங்க. பேரு இருக்கிற இடத்தைத் தொட்டுத் திரும்ப அடிங்க.

— பேரை மாத்தினா நீ கட் ஆகிடுவியா?

— இது சாதா போன் கால், ஆகாது. அடிங்க.

— எ... ங்... க... ள். ச்சே!

— அப்பா!

— இரு, வேணும்னேவா பண்றேன்? கை வரமாட்டேங்குது. எங்கல்... ஆங், பாத்தியா! இப்ப இது தானா 'எங்கள்'னு மாத்திடுச்சு. போனுக்குள்ளயும் ஒரு புரூஃப் ரீடர் உக்காந்திருக்கான்.

— உங்க கூட்டாளிதான். நீங்க அடிச்ச 'எங்கல்' மேல தெரியும், அதைத் தொடுங்க.

— உங்க அம்மாவுக்கு மட்டும் இது எப்படி அடங்கிப் போச்சு?

— நீங்க அடங்கிப் போகலையா?

— ...சரி, சரி. எங்கல்... வீடு. வாழ்க்கையிலேயே முதல் தடவையா தெரிஞ்சே ஒரு பிழையை விட்டாச்சு. போதுமா?

— போய் பிளக்கைப் பாருங்க.

— சிமிட்டுது... சிமிட்டுது... ஏய், நின்னுடுச்சு! நீலம்! நின்னு எரியுது பாப்பா!

— எனக்கும் வந்துடுச்சு!

— கண்டுபிடிச்சிடுச்சு பாரு அவளை.

— கெட்டில்ல கொஞ்சம் தண்ணி ஊத்தி ஆன் பண்ணுங்க. என் போன்ல கரண்டு கோடு ஏறுதான்னு பாக்கிறேன்.

— பண்ணிட்டேன்.

— ...ஏறுது. ஏறுதுப்பா...

— ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு?

— ஒண்ணுமில்ல. சும்மாதான்பா.

— ம். சும்மாதான்.

— கொதிச்ச தண்ணியக் கீழ ஊத்தாதீங்க. இன்னொரு டீ போட்டுக் குடிங்க.

— டீயா... வேணாம்மா.

— ஏன்?

— உன்கிட்ட சொல்லல. வயித்துப் புண்ணுன்னு டாக்டர் டீயே கூடாதுன்னுட்டார். விட்டு ஏழு மாசம் ஆச்சு.

— ஏழு மாசமா? அப்ப தினம் காலைல அஞ்சே முக்காலுக்குக் கெட்டில்ல என்னப்பா காயுது?

— வெறும் தண்ணிதான் பாப்பா. நான் எழுந்துட்டேன்னு உனக்குத் தெரிய வேணாமா?