அறுபத்தைந்து அங்குலம்

றம்ஸீன்: ...ஒங்கட ஊட்டுச் செவரு எத்தின அடி, காக்கா?

இப்றாஹிம்: சின்னச் செவருதான். அறுவத்தஞ்சு இஞ்சி டிவி கொள்ளாது.

நபீஸா: பதினொரு அடி. அளந்துட்டுத்தான் வந்தன்.

இப்றாஹிம்: நீ எப்ப அளந்த?

நபீஸா: நீங்க ஜும்ஆவுக்குப் போன பொறகு.

றம்ஸீன்: பதினொரு அடியெண்டா தாராளம், ராத்தா. ஏறாவூர்ல இப்ப கலியாண ஊட்டுக்கெல்லாம் எங்கட கடையில இந்த சைஸ்தான் கொண்டு போறாங்க. இஞ்ச பாருங்க, இந்தப் படத்துல மீன்ட செதில எண்ணலாம்.

நபீஸா: ஓம்... கண்ணுக்குள்ள ரெத்த நரம்பும் தெரியிது.

இப்றாஹிம்: மீன் பாக்க டிவி என்னத்துக்கு? சந்தைக்குப் போனா செவுளத் தூக்கியும் பாக்கலாம்.

நபீஸா: மீன் பாக்கவா நான் வந்த? தம்பி, ஃபோன்ல வாற வீடியோ கோல இதுல பாக்கலாமா?

றம்ஸீன்: பாக்கலாமே. ஆரு, புள்ள வெளிநாட்டுலயா?

நபீஸா: கத்தார்ல. எங்களுக்கு ஒரே மகன், இஷாம். நாலு மாசமா மூஞ்சி மட்டும்தான் தெரியிது. கழுத்துக்குக் கீழ காட்டுறானில்ல.

இப்றாஹிம்: ஃபோன் சின்னன். அதுக்குள்ள மூஞ்சிதான் கொள்ளும்.

நபீஸா: அதுதான் பெரிசு கேக்கிறன்.

றம்ஸீன்: அவரு காட்டுறதுதான் இதுலயும் வரும், ராத்தா. ஆனா பளிச்செண்டு வரும். மூலையில ஒரு நுளம்பு இரிந்தாலும் தப்பாது.

நபீஸா: கேட்டீங்களா?

இப்றாஹிம்: கேட்டன்... நம்மட ஊடு உப்பாத்தோரம், காத்தும் உப்பு. ரெண்டு வருசத்துல உள்ளுக்கெல்லாம் துருப் புடிச்சிரும்.

நபீஸா: பிரிட்ஜ் ஒம்பது வருசமா அந்தக் காத்துலதான் நிக்கிது.

இப்றாஹிம்: கரண்டும் கூடிக் கொறையிது.

றம்ஸீன்: அதுக்கு ஸ்டெபிலைசர் ஒண்டு போட்டா...

இப்றாஹிம்: நீங்க கொஞ்சம் இரிங்க, தம்பி.

நபீஸா: அவரோட என்னத்துக்கு ஏறுறீங்க? அவர்ட வேல அது.

இப்றாஹிம்: நான் ஏறல்ல. நோன்பு வருது. நோன்புக்குள்ள என்ன டிவி? பெருநாள் முடியட்டும், மறுகா பாப்பம்.

நபீஸா: பெருநாளைக்கு அவனே வாறெண்டுதான் செல்லியிரிந்தான். இப்ப லீவு இல்லயாம். ரூமக் காட்டு மனே எண்டா, லைட் இல்ல உம்மா எண்டுறான். பகல்லயும் லைட் இல்லயாம்.

இப்றாஹிம்: ஆறு பேர் இரிக்கிற ரூம். மத்தவங்க உடுப்பு மாத்துவாங்க.

நபீஸா: அவன்ட ரூமப் பத்தி ஒங்களுக்கு நல்லாத் தெரியிது.

இப்றாஹிம்: ...எல்லா ரூமும் அப்பிடித்தான்.

நபீஸா: ஒங்களுக்கு வேர்க்கிது.

இப்றாஹிம்: ஏசி காணாது.

நபீஸா: நான் முந்தானையால காத மூடிட்டு நிக்கிறன், குளிருக்கு.

றம்ஸீன்: ராத்தா, ஒண்டு செய்வம். ஒங்கட ஃபோனத் தாங்க. இப்பவே ஒரு கோல் எடுத்துக் காட்டுறன். பாத்துட்டு ரெண்டு பேரும் முடிவெடுங்க.

நபீஸா: இந்தாங்க. மேலயே இரிக்கி, மகன் எண்டு. வெள்ளிக்கிழமை, அவனுக்கும் லீவு.

இப்றாஹிம்: வேணாம். தூங்குவான்.

நபீஸா: பகல்ல தூங்குற புள்ளயா அவன்?

இப்றாஹிம்: கடைக்குள்ள வெச்சி, மத்தவங்க பாக்க... சரியில்ல நபீஸா.

றம்ஸீன்: இஞ்ச இப்ப ஒருத்தருமில்ல, காக்கா. கனெக்ட் ஆகிட்டு... ரிங் போகுது.

இப்றாஹிம்: வெட்டுங்க.

றம்ஸீன்: இப்ப எடுத்துருவாரு...

இப்றாஹிம்: வெட்டுங்க எண்டன்.

றம்ஸீன்: ...சரி. வெட்டிட்டன்.

நபீஸா: தம்பி, இதவிடச் சின்னது ஒண்டு உள்ளுக்கு இரிக்கா எண்டு பாத்துட்டு வாறீங்களா? ஆறுதலா வாங்க.

றம்ஸீன்: வாறன், ராத்தா.

நபீஸா: அவரு போயிட்டாரு. செல்லுங்க.

இப்றாஹிம்: என்னத்த?

நபீஸா: அவன் எடுத்திரிந்தா இவ்வளவு பெரிசுல நான் என்னத்தக் கண்டிரிப்பன்?

இப்றாஹிம்: ஒண்டுமில்ல... மூஞ்சிதான்.

நபீஸா: டிவியப் பாக்காதீங்க. என்னப் பாருங்க. நான் காத்துக்கிட்டிரிக்கன்.

இப்றாஹிம்: அவன்ட கை மெசினுக்குள்ள அம்பிட்டுட்டு. வலக்கை. முழங்கைக்குக் கீழ ஒண்டுமில்ல... காயம் நல்லா ஆறினாத்தான் ஊருக்கு வாறெண்டான். உம்மா தாங்க மாட்டா, செல்லாதீங்க வாப்பா எண்டு கெஞ்சினான். நானும்... நீ என்ன, அழறாயில்ல?

நபீஸா: அழுது முடிஞ்சி.

இப்றாஹிம்: எப்ப?

நபீஸா: ரெண்டு மாசத்துக்கு முந்தி. கதச்சிக்கிட்டிரிக்கக்குள்ள ஃபோன எதுலயோ சாச்சி வெச்சிட்டு, பிஸ்மி செல்லித் தண்ணி குடிச்சான். இடக்கையால. நான் வளத்த புள்ள வலக்கை இரிக்க அப்பிடிக் குடிப்பானா? காணாத மாதிரி சிரிச்சிக் கதச்சி வெச்சிட்டன். நீங்க அறிவீங்களா எண்டு பாக்கத்தான் டிவி கேட்ட. அறியாதவரெண்டா எனக்கு முந்தி நீங்களே இத வாங்கியிரிப்பீங்க. மறுகா ஒங்களுக்கு நான்தான் செல்லியிரிக்கணும்... அதுக்குத்தான் பயந்து பயந்து இந்தக் கடைக்கி வந்த.