பொம்மை மேல் ஊதிய மூச்சு

ஓடுகிறேன். கையெல்லாம் வெள்ளை மண். செருப்பு பட்டறையிலேயே கிடக்கிறது. பின்னால் மூன்று பைக். படபடவென்று சைலன்சர் சத்தம். வியாழக்கிழமை, சாயங்காலம் நாலு இருபது.

"நில்லுடா பாய்! சாமி மேல துப்புனியே, இப்ப துப்புடா!"

நான் துப்பவில்லை. ஊதினேன். அல்லாஹ் சாட்சி.

விருத்தாசலத்தில் பீங்கான் பட்டறை வேலை எனக்கு. பதினோரு வருஷம். அச்சிலிருந்து எடுத்த பொம்மையைக் காயவைத்து, கத்தியால் பிசிறு சுரண்டி, வாயால் ஊதித் தூசியைப் போக்குவோம். தூசி இருந்தால் மேலே பூசுகிற கிளேஸ் ஒட்டாது. சூளையில் சொட்டை சொட்டையாக விட்டுப்போகும். பட்டறையில் ஆறு பேரும் ஊதுவோம். அது கொலு வருகிற சமயம். அன்றைக்கு என் கையில் பிள்ளையார். யாரோ போனில் வீடியோ எடுத்துவிட்டார்கள். பதினாலு நொடி. தொப்பி தெரிகிறது. தாடி தெரிகிறது. தும்பிக்கை மேல் என் வாய் குவிகிறது. சாமியை எச்சில் பண்ணுகிறான் என்று கீழே எழுத்து. மத்தியானத்துக்குள் ஊர் போனெல்லாம் ஏறிவிட்டது.

பைக் வந்து நின்றதும் செல்வி அக்காதான் கத்தினாங்க. பதினோரு வருஷமும் என் பக்கத்தில் உட்கார்ந்து பிசிறு எடுத்தவங்க.

"பாய், பின்கேட்டுல போங்க! நிக்காதீங்க!"

ஓடும்போதும் அவங்க குரல் கேட்டது.

"நானுந்தான்டா ஊதுறேன்! எங்கையிலயும் புள்ளையாருதான்! என்னையப் புடிங்கடா!"

அவங்களை யாரும் பிடிக்கவில்லை.

ரயில் லைனைத் தாண்டிக் கருவேலங்காட்டுக்குள் புகுந்தேன். முள் ஏறியது. மூச்சை அடக்கிக் குந்தியிருந்தேன். இரண்டு பைக் போனது. மூன்றாவது திரும்பி வந்தது. நின்றது. இஞ்சின் மட்டும் ஓடியது. பிறகு போனது. பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு கேட்டது. எழுந்திருக்க முடியவில்லை. அந்தத் தொழுகை தவறிவிட்டது.

"கொஞ்ச நாளு வராதீங்க பாய்" என்றார் முதலாளி. இரண்டு மாதம் ஆகிறது.

தெருவில் பைக் நின்றால் என் மனைவி ஜமீலா ஃபேனை நிறுத்துகிறாள். காது கொடுத்துக் கேட்கிறாள். பைக் போனபிறகுதான் ஃபேன் சுற்றும். துவைத்த புர்காவை வெளியே காயப்போடுவதில்லை. வூட்டுக்குள் ஈரவாடை. எனக்கு நெஞ்சு அடைக்கிறது. பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். "நெஞ்சு நல்லா இருக்குது. பயந்துட்டீங்க. மனசு டாக்டரப் பாருங்க" என்று டாக்டரம்மா சீட்டு எழுதிக் கொடுத்தாங்க. சீட்டு இன்னும் சட்டைப்பையில் இருக்கிறது. வரிசையில் நிற்கிறவன் என் முகத்தை அடையாளம் கண்டுவிட்டால்?

பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் குர்ஆன் வசனம் ஓதித் தலையில் ஊதுவது எங்கள் வழக்கம். தெருவில் மற்ற வீட்டுப் பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு வருவாங்க. "பாய், ஒரு தடவ ஓதி ஊதிவுடுங்க, பாலு குடிக்க மாட்டேங்குது" என்பாங்க. இப்போது யாரும் வருவதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூணு மணி. என் மகள் நஸ்ரினுக்கு உடம்பு கொதிக்கிறது. தலையில் கைவைத்து ஓதினேன். ஓதி முடித்தேன். ஊதணும். வாய் குவியவில்லை. தெருவில் யாரோ நடக்கிற சத்தம். பிள்ளை கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள்.

"அத்தா, ஜன்னல சாத்திட்டு ஊது. யாரும் பாக்க மாட்டாங்க."

சாத்தினேன். ஊதினேன்.

"ஒரு அடிகூட விழலியே பாய், இன்னும் ஏன் பயப்படுறீங்க?" என்று தெரிந்தவர்கள் கேட்கிறார்கள். விழவில்லை. அல்ஹம்துலில்லாஹ். ஆனாலும் போனதைச் சொல்லியாகணும். ஒரு ஜோடி செருப்பு. பதினோரு வருஷ வேலை. ஒரு மஃரிப். ஊதிவிடச் சொல்லித் தூக்கி வந்துகொண்டிருந்த பிள்ளைகள், நாலு. செல்வி அக்கா இரண்டு தடவை வந்து கதவைத் தட்டினாங்க. ஜமீலா ஃபேனை நிறுத்தினாள், நாங்கள் கதவைத் திறக்கவில்லை. அவங்க திரும்பிப் போயிட்டாங்க. அப்புறம் வரவில்லை. அவங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஜன்னல் ஒன்று. சாத்தச் சொன்னவளுக்கு வயது ஆறு.