முப்பத்தஞ்சு நிமிஷம்

...இல்லக்கா, நீங்களே சொல்லுங்க. மூணே மூணு வரி! மூணு வரிக்காக ஒருத்தன் கூடப் பொறந்த அக்காகிட்ட நாலு மாசம் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு இருப்பானா? அவன் சொத்தையா நான் எழுதி வாங்கிட்டேன்? ஐயோ, தலைய ஆட்டாதீங்க, சாயம் காதுல பட்டுடும். அப்புறம் லைப்ரரிக்கு வர்றவங்க புத்தகத்தப் பாக்காம உங்க காதையே பாத்துக்கிட்டு நிப்பாங்க. ம்... கொஞ்சம் குனிங்க. பின்னாடி வேர்ல வெள்ளை கூடியிருக்கு. அமைதியான எடத்துல உக்காந்திருக்கிற உங்களுக்கே இப்படின்னா, நாள் பூரா வாய ஓட்டிக்கிட்டு இருக்கிற எனக்கு எப்படி இருக்கும்!

ஆச்சு. டைமர் வெச்சுட்டேன். முப்பத்தஞ்சு நிமிஷம் ஊறட்டும். டீ வேணுமா? வேணாமா? சரி.

இந்தக் கண்ணாடி ஓரமா ஒட்டியிருக்கேன் பாருங்க, இந்தச் சீட்டப் படிக்கிறதுக்குன்னே வர்றவங்க இருக்காங்கக்கா. புருவம் எடுக்க நாலு கடை இருக்கு, ஆனா இது இங்க மட்டும்தான். ஏழு வருஷமா எழுதுறேன். சினிமா, டாகுமெண்டரி, இந்த ராப் பாடுற பசங்க போடுற ஆல்பம்... எது வந்தாலும் மூணு வரி. நாலாவது வரி எழுதினா அது புலம்பல். எனக்கு புலம்பலே புடிக்காது.

இதப் படிங்க, போன மாசத்து மழைப் படம். "ஹீரோ நனையறாரு. ஹீரோயின் நனையறாங்க. கதை மட்டும் காஞ்சு கெடக்கு." எப்படி? அப்புறம் இது, கடல் ஆமை டாகுமெண்டரி. "ஆமை முட்டை போட்டுச்சு. பின்னணி பேசறவரு அடை காத்தாரு. நாங்க தூங்கிட்டோம்." சிரிக்காதீங்க, கழுத்துல ஒழுகுது. அந்த மனுஷன் ஒரு வார்த்தைக்கும் இன்னொரு வார்த்தைக்கும் நடுவுல ஒரு குட்டித் தூக்கம் போட்டு எந்திரிக்கிறாருக்கா! ஆமையே அவசரமா போற மாதிரி இருந்துச்சு.

இது ராப்பு. "பதினாலு பாட்டு. பதினாலுலயும் அவன் பேர அவனே சொல்றான். மறந்துடுவோம்னு பயம் போல." இதுக்கு ஒரு பஞ்சாயத்தே நடந்துச்சு தெரியுமா? அந்தப் பையனோட அத்தை நம்ம கஸ்டமர். புருவம் எடுத்துக்கிட்டு இருக்கும்போதே கண்ணத் தொறந்து படிச்சுட்டாங்க. "எங்க பையன் ரெண்டு வருஷம் உசுரக் குடுத்து உழைச்சான்"னு ஒரே சத்தம். அவன் பேரு எனக்கு மனப்பாடம் ஆயிடுச்சேம்மா, உழைப்பு வீண் போகலயேன்னேன். எந்திரிச்சுப் போனவங்கதான். போன வாரம் ரோட்டுல பாத்தேன்... ஒரு புருவம் மேல, ஒரு புருவம் கீழ. வேற கடை. நல்லா வேணும்.

என்ன? கொலைப் படமா? ஆமா, அதுவும் நான்தான். "கொலைகாரன் டிரைவர்னு எனக்கே தெரிஞ்சு போச்சு. போலீசுக்கு இன்னும் தெரியல. பாவம், மாசச் சம்பளம்." அதுக்கு ஒரு டீச்சரம்மா வந்து, "இல்லியே, கடைசியில டாக்டர்தானே கொலைகாரன்"ன்னு இழுத்தாங்க. கடைசியில யாருங்கிறது முக்கியமில்ல டீச்சர், யாரா இருந்திருக்கணும்கிறதுதான் முக்கியம்னு அடிச்சு விட்டேன். யோசிச்சுக்கிட்டே போயிட்டாங்க. அவங்க யோசிச்சுக்கிட்டு இருக்கட்டும், விடுங்க.

தம்பி கதைக்கு வர்றேன். ஏ.சி. ரிப்பேர் பண்ற பய. வெயில் காலத்துல அவனப் புடிக்கவே முடியாது, அவ்வளவு வேலை. அவன் என்னடான்னா திடீர்னு ஒரு கேமராவ வாங்கிக்கிட்டு, லீவு நாளெல்லாம் எங்கயோ போயிட்டுப் போயிட்டு வர்றான். எங்கடா போறேன்னா சிரிப்பான். சரி, பொண்ணு விவகாரம்னு நெனச்சேன். மூணு வருஷம் கழிச்சு ஒரு நாள் சாயந்தரம் வந்து, "அக்கா, ஒரு டாகுமெண்டரி எடுத்திருக்கேன், அம்பத்திரண்டு நிமிஷம், நீ பாரு"ன்னு இந்த டேப்லட்ல போட்டுக் குடுத்துட்டுப் போறான். குடுக்கிறதுக்கு முன்னாடி டேப்லட்ட சட்டையிலயே நாலு தடவ தொடச்சான். கயித்துல தொங்கிக்கிட்டு ஏ.சி. மாட்டுறப்பகூட அவனுக்கு அவ்வளவு ஜாக்கிரதை கெடையாது!

பாத்தேன். என்ன இருக்குங்கிறீங்க? பஸ் ஸ்டாப்! இதோ, நம்ம கடைக்கு எதிர்த்தாப்புல இருக்கே, கண்ணாடியிலயே தெரியுது பாருங்க உங்க தோளுக்குப் பின்னாடி... அதே பஸ் ஸ்டாப். ஒரு அம்மா பைய வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கு. எந்திரிக்குது. திரும்ப உக்காருது. ஒருத்தர் கொட்டாவி விடறாரு. நாய் ஒண்ணு வந்து மோந்து பாத்துட்டு, அதுக்கே போரடிச்சுப் போயிடுது. இதத்தான் நான் தினம் தினம் ஓசியில பாக்குறேனே, இதுக்கு எதுக்குடா கேமரா? அந்த எடத்து மேல அவனுக்கு என்ன பித்தோ. சின்னதுல அங்கதான் உக்காந்து வீட்டுப்பாடம் எழுதுவான். அம்மா போனப்ப அவனுக்கு ஒம்பது வயசு, எனக்கு இருபத்தொண்ணு. நான் அப்ப இங்க வேலைக்கு இருந்தேன். முதலாளியம்மா, லேடீஸ் வர்ற எடம், ஆம்பளப் புள்ள உள்ள வரக்கூடாதுன்னுட்டாங்க. ஸ்கூல் விட்டு வந்து அங்கயே உக்காந்திருப்பான். இப்பவும் அங்கயே போய் உக்காந்தா என்ன அர்த்தம்? வளர வேணாமா?

நம்ம கடையில சொந்தம் பந்தமெல்லாம் கிடையாதுக்கா. கண்ணாடிக்கு முன்னாடி எல்லாரும் ஒண்ணு. எழுதி ஒட்டிட்டேன். "ஒரு பஸ் ஸ்டாப். பஸ் வரல. நான் கெளம்பிட்டேன்."

உங்களுக்கே சிரிப்பு வருதுல்ல? அன்னைக்கு வந்தவங்க எல்லாரும் சிரிச்சாங்க. போட்டோ எடுத்துட்டுப் போனாங்க. மறுநாள் அவன் வந்தான். சீட்டப் படிச்சான். நானும் அவன் சிரிப்பான்னு நின்னுக்கிட்டு இருக்கேன். திரும்பி நடந்துட்டான். வீட்டுக்குப் போய் சட்டை துணிமணி எடுத்துக்கிட்டு சிநேகிதன் ரூமுக்குப் போயிட்டான். சாப்பிட்டியான்னு கேட்டா மெசேஜ்ல "ம்". அந்த "ம்"ம வெச்சு நான் என்ன பண்றது? இருபது வருஷமா அவனுக்கு தட்டு வெச்ச பழக்கம், இன்னும் ரெண்டு தட்டு எடுத்து வெச்சுட்டு ஒண்ணத் திருப்பி வெக்கிறேன்.

அதுல பாதிப் பழி உங்களுக்குத்தான். ஆமா, நீங்கதான்! லைப்ரரி ஹாலுல வெள்ளிக்கெழமை வெள்ளிக்கெழமை படம் போடறீங்களே, அவன் படத்த எடுத்துக்கறேன்னு சொல்லிட்டு, என் சீட்டப் பாத்துட்டு வேணாம்னுட்டீங்க. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா? படத்தப் பாத்தாவது வேணாம்னு சொன்னீங்களா? பியூட்டி பார்லர் கண்ணாடியப் பாத்து முடிவெடுக்கிற லைப்ரரிய நான் எங்கயும் பாத்ததில்ல! இத்தன புத்தகத்தையும் அட்டையப் பாத்துத்தான் வாங்குறீங்களா?

...என்ன கேட்டீங்க?

நான் பாத்தேனாவா? பாத்தேனே. சொன்னேனே, நாய் வந்துச்சு, கொட்டாவி...

முடிவா? முடிவுன்னா... டாகுமெண்டரிக்கு என்னக்கா முடிவு...

ப்ச்.

இங்க பாருங்க. காலையில அவன்கிட்டருந்து மெசேஜு. நாலு மாசத்துல "ம்"முக்கு மேல எழுதினது இதான். படிக்கிறேன். "அக்கா, முப்பத்தாறாவது நிமிஷம் பாத்தியா?" அவ்வளவுதான். காலையிலேர்ந்து இதையே பாத்துக்கிட்டு இருக்கேன். பயலுக்குத் தெரிஞ்சிருக்கு. இந்தக் கடை நெளிவு சுளிவெல்லாம் தெரிஞ்சவனாச்சே.

சிரிக்கக் கூடாது. வெளிய சொல்லக் கூடாது. நான் எப்பக்கா படம் பாக்குறது? வீட்டுக்குப் போனா சமைக்கவே ஒம்போது மணி ஆகுது. உங்கள மாதிரி யாராவது தலையில சாயத்தோட உக்காந்திருப்பாங்க, அவங்க முன்னாடி டேப்லட்ட வெச்சு ஓட விடுவேன், நானும் பின்னாடி நின்னு பாப்பேன். டைமர் அடிக்கும். தலைய அலசப் போயிடுவோம். அவங்க மிச்சத்த வீட்டுல பாத்துக்குவாங்க. நான்... எழுத உக்காந்துடுவேன். மழைப் படமும் அப்படித்தான், ஆமையும் அப்படித்தான். டாக்டர் கொலைகாரன்னு சத்தியமா எனக்குத் தெரியாது. ஏழு வருஷத்துல ஒரு படம்கூட நான் முழுசாப் பாத்ததில்லக்கா. எந்தப் படமா இருந்தாலும் முப்பத்தஞ்சு நிமிஷத்துல லட்சணம் தெரிஞ்சுடும்னு ஒரு திமிரு. ராப்பு ஆல்பம் மட்டும் முழுசாக் கேட்டேன், அது முப்பத்தி மூணு நிமிஷம்.

அவன் படத்தக்கூட அப்படித்தான் பாத்தேன். தொடச்சுத் தொடச்சுக் குடுத்துட்டுப் போனவன் படத்த! ஆறாவது நிமிஷத்துலயே சீட்டு மனசுல ரெடி. மிச்சம் அந்த சீட்டுக்கு ஏத்த மாதிரிதான் பாத்தேன். இப்ப மீதியப் பாக்க பயமா இருக்கு. தனியாப் பாக்க முடியலக்கா.

அடிச்சுடுச்சா? அடிக்கட்டும், அமுத்திடறேன். உக்காருங்க, எந்திரிக்காதீங்க. மிச்சம் பதினேழு நிமிஷந்தான். முடி கொஞ்சம் கருப்பாயிடும், வயசு பத்து கொறையும், அதுக்கு என்ன? உக்காருங்கக்கா, கையப் புடிச்சுக் கேக்கறேன்... ஐயோ, கையிலயும் சாயம் பட்டுடுச்சு.

இந்தா, விட்ட எடத்துலேர்ந்து ஓடுது. அந்த அம்மா இன்னும் பையோட உக்காந்திருக்கு... பஸ்ஸு! பஸ் வருதுக்கா. வந்துச்சா இந்தப் படத்துல? அம்மா ஏறுது. கொட்டாவிக்காரரும் ஏறிட்டாரு. போயிடுச்சு. பஸ் நகர்ந்ததும் கேமரா திரும்புது... அந்தாண்ட என்ன தெரியுது?

நம்ம கடை.

அது நான்தானே? கதவு வழியா எடுத்திருக்கான். யாருக்கோ தலை சீவிக்கிட்டு இருக்கேன். என்ன இப்படி நிக்கிறேன், ஒரு செருப்பக் கழட்டிப் போட்டுட்டு ஒத்தக் கால்ல... சாயந்தரமானா இப்படித்தான் நிப்பேனா? எனக்கே தெரியாதேக்கா. பாருங்க, வாசல எட்டிப் பாக்குறேன். மறுபடி பாக்குறேன். யாரு வரப் போறாங்கன்னு பாக்குறேன் நானு? இது வேற புடவை, வேற நாளு... அன்னைக்கும் எட்டிப் பாக்குறேன். இது போன வருஷம். அதுலயும் பாக்குறேன். அவன் அங்க உக்காந்து இருக்கானான்னு பாத்த பழக்கம்... இருபது வருஷமா விடலியா?

இருங்க, யாரோ பேசறாங்க. சத்தம் வைங்க. பக்கத்துல உக்காந்த பெரியவரு. "ஏம்பா, நாலு பஸ்ஸு போயிடுச்சு. நீ எதுலயும் ஏறலியே?"

நம்ம பய கொரலு. "நான் பஸ்ஸுக்கு நிக்கலீங்க. எங்க அக்கா கடைய மூடணும், அதுக்கு நிக்கிறேன்."

...

...இல்ல, ஒண்ணுமில்ல. அமோனியா நெடி, கண்ணு எரியுது.

ஐயையோ, உங்க தலை! வாங்க வாங்க, தண்ணிக்கு வாங்க. முடி மைக்கருப்பாயிடுச்சு... ஆமா, நெசமாத்தான். லைப்ரரியில உங்க கார்டு கேப்பாங்க நாளைக்கு. மன்னிச்சுடுங்கக்கா. வெள்ளிக்கெழமை... போடறீங்களா? முழுசா? அம்பத்திரண்டு நிமிஷமும்? நான் வர்றேன். முன் வரிசையில உக்கார்றேன். ஒரு டைமரும் கொண்டு வர மாட்டேன்.

அதுக்கு முன்னாடி ஒரு உதவி. அந்தப் பழைய சீட்டக் கிழிச்சுடுங்க. என் கை பூரா சாயம், நீங்க எழுதுங்க. நான் சொல்றேன். "பஸ் வந்துச்சு. போயிடுச்சு. அவன் ஏறல."

இல்ல, கண்ணாடியில வேணாம். வாசக் கதவுல ஒட்டுங்க, எழுத்து வெளிப்பக்கம் பாக்கணும். பெருசா எழுதுங்கக்கா. பஸ் ஸ்டாப்ல உக்காந்தா படிக்கிற மாதிரி.